சீனக்குடாவிலிருந்து இரத்மலானைக்குச் சிறு விமானம்: ஐப்பசியில் போய்வந்தவரின் மதிப்பீடு

எழுபத்தெட்டு வயதான என் அம்மாவுக்கு இடுப்பெலும்பில் சத்திரசிகிச்சை நடந்ததிலிருந்து, கொழும்பு வைத்தியரிடம் காட்டுவதற்காக ஆறு மணித்தியாலம் வாகனத்தில் உட்கார்ந்து போவது அவரால் முடியாத காரியமாகிவிட்டது. அதனால் இந்த ஐப்பசியில் எங்கள் ஊரான திருகோணமலையின் சீனக்குடாவிலிருந்து, கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானைக்குப் பறக்கும் சிறு விமானமொன்றில் எங்கள் மூவருக்கும், அதாவது அம்மாவுக்கும் எனக்கும் என் மனைவிக்கும், போகவும் வரவும் இருக்கைகள் பதிவு செய்தேன். ஒரு வாகனத்தை முழுதாக வாடகைக்குப் பிடிக்கும் பணத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஓர் இருக்கைக்கே போனது. நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. அவர்களுடன் எனக்குள்ள கணக்கு இன்னும் தீரவில்லை என்பது ஒரு காரணம். கீழே சொல்லப்போகும் குறை இந்தத் தொழிலில் எந்த நிறுவனத்திடமும் இருக்கக்கூடியது என்பது மற்றக் காரணம்.

வசதிகளைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீனக்குடா விமானப்படையின் தளம் என்பதால் வாசலில் அடையாள அட்டையும் பயணப் பட்டியலும் பார்த்த பிறகே உள்ளே விடுகிறார்கள். அரை மணித்தியாலம் முன்னதாகப் போவது நல்லது. கனத்த பெட்டி கொண்டுபோக முடியாது, மென்மையான பைதான். பையை மட்டுமன்றி ஆட்களையும் தராசில் ஏற்றுகிறார்கள். அம்மாவைக் கைப்பையோடு சேர்த்து நிறுத்து 51 கிலோ என்று எழுதிக்கொண்டபோது, "வெத்திலைப் பையையும் சேர்த்தெல்லோ நிறுத்துப்போட்டினம், அதைக் கழிக்கச் சொல்லு" என்று அவர் என்னிடம் முறையிட்டார். சிறு விமானத்தில் அந்த வெற்றிலைப் பைக்கும் கணக்கு உண்டு என்பதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. படிகள் செங்குத்தானவை, ஆனால் இரண்டு பணியாளர்கள் அம்மாவைத் தாங்கி ஏற்றிய விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. உள்ளே இயந்திரத்தின் இரைச்சல் அதிகம், கழிவறை இல்லை, காதுக்கு அடைப்பான் தருகிறார்கள். நேர்கோட்டில் 240 கிலோமீற்றர் வரையான தூரத்தை முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் கடந்துவிடுவதால் இவை எதுவும் பெரிய விடயமல்ல.

நாங்கள் ஏறியது செஸ்னா கேரவன் வகை விமானம். இறக்கை மேலே, மூக்கில் ஒரேயொரு இயந்திரம், உள்ளே மடங்காத சக்கரங்கள். உலகம் முழுவதும் சிறிய ஓடுபாதைகளில் உழைத்துப் பெயரெடுத்த, நம்பகமான வகை அது. அதன் மீது எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் அதன் அறைக்குள் காற்றழுத்தம் பேணப்படுவதில்லை என்பதைப் பயணிகள் தெரிந்திருக்க வேண்டும். பயணிகளுக்கு ஒட்சிசன் இல்லாமல் அது வழக்கமாக 10,000 அடிக்கு மேல் ஏறுவதில்லை. கட்டுநாயக்காவிலிருந்து புறப்படும் பெரிய ஜெற் விமானம் 35,000 அடிக்கு ஏறி, மழை மேகங்களில் பெரும்பாலானவற்றைக் காலடியில் விட்டுவிட்டுப் போய்விடும். அதற்கும் மேலே நிற்கும் இடிமேகங்களை அது ராடாரில் பார்த்துச் சுற்றிப் போகும். நம் பக்கத்து இடிமேகம் 15 கிலோமீற்றர் உயரத்துக்கும் வளரக்கூடியது. ஆகவே சிறு விமானத்துக்கு அதைத் தாண்டி மேலே போகும் வழியே கிடையாது. சுற்றிப் போகலாம், கீழே போகலாம், திரும்பிப் போகலாம், அல்லது புறப்படாமல் இருக்கலாம். இச்சேவையை மதிப்பிடுவது என்பது, என்னைப் பொறுத்தவரை, இந்த நான்கில் எதை, எந்த நேரத்தில், யாருடைய நெருக்குதலின் பேரில் அவர்கள் தெரிவு செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான்.

போகும் நாள் காலை ஏழு மணிக்குப் புறப்பட வேண்டும். ஆறரைக்கு உட்துறைமுகத்தின் மேல் மழை ஒரு சாம்பல் நிறத் திரைபோல நகர்ந்து வந்தது. முதலில் கோணேசர் மலை மறைந்தது, பிறகு உவர்மலையும் மறைந்தது. ஏழு மணியானது, ஏழரையானது. கொழும்பில் பதினொரு மணிக்குக் கூட்டமென்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு பயணி, மழை அப்படியொன்றும் பலமாக இல்லையே என்று பணியாளரைக் கடிந்துகொண்டார். இருபத்தைந்து வயதுகூட இராத அந்தப் பையன் பதற்றமில்லாமல் சொன்ன பதிலை நான் அப்படியே தருகிறேன்: "ஐயா, கோணேசர் மலை தெரியட்டும், பிறகு வெளிக்கிடுவம் எண்டு கப்டன் சொல்லிப்போட்டார்." கப்டனோ ஓடுபாதையோரம் குடையுடன் நின்று கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தப் பதிலில் ஒரு கணக்கு இருக்கிறது. வெளியே பார்த்துச் செலுத்தும் பறப்புக்குச் சர்வதேச விதிகள் பொதுவாகக் கேட்பது 5 கிலோமீற்றர் பார்வைத் தூரமும், மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீற்றரும் மேல் கீழாக 300 மீற்றரும் இடைவெளியும் ஆகும். சீனக்குடா ஓடுபாதையிலிருந்து உவர்மலை ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர். கோணேசர் மலை எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில். கோணேசர் தெரிந்தால் விதிக்கு மேலே மூன்று கிலோமீற்றர் கையிருப்பு உண்டு என்று பொருள். உவர்மலை மட்டும் தெரியும்போது புறப்படுவது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அடுத்த மழைத்திரை வர எடுக்கும் சில நிமிடங்களில் அந்த ஒரு கிலோமீற்றர் கையிருப்பு கரைந்துவிடும். ஒன்பது இருபதுக்குக் கோயிலடியும் பாறையும் துலக்கமாகத் தெரிந்தன. ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். வைத்தியரின் நேரம் தவறி, மாலைவரை காத்திருக்க வேண்டி வந்தது. இருந்தும் இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்களில் பெரும்பகுதி அந்த இரண்டரை மணித்தியாலத்துக்குத்தான்.

துறைமுகத்தில் இருபத்தேழு வருடம் வேலை செய்தவன் என்பதால் எனக்கு இது புதிதல்ல. சரக்கு ஏற்றிய கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும், முகவர் மணித்தியாலத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் கத்துவார், ஆனால் வாடை பலத்து வீசும் நாளில் கப்பலை உள்ளே கொண்டுவரும் வழிகாட்டி படகில் கால் வைக்கமாட்டார். அவரைக் கோழை என்று யாரும் சொன்னதில்லை. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுக்கு நான்கு பெயர் வைத்துப் பழகிய ஊர் இது. எங்கள் கரையில் கடலுக்குப் போகிறவன் வானத்தைப் பார்க்காமல் வள்ளத்தைத் தள்ளுவதில்லை. விமானத்தில் ஏறும்போது மட்டும், பணம் கொடுத்துவிட்டோம் என்பதற்காக, அந்தப் பழக்கத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறோம்.

இன்னொன்று. சிறு விமானத்துக்கு ஆபத்து என்றதும் பலர் புயலை நினைக்கிறார்கள். 1964 டிசம்பரில் எங்கள் ஊரைப் புரட்டிப்போட்ட சூறாவளியையும், 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு எங்கள் கரையில் ஏறிய புரேவியையும் பேசுகிறார்கள். புயலென்று அறிவித்த பிறகு பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்க யாரும் துணிவதில்லை. ஆளைக் கொல்வது பெயர் சூட்டப்படாத சாதாரண ஐப்பசிப் பிற்பகல். காலையில் வெயிலடித்து, மதியம் பஞ்சுபோல மேகம் கட்டி, மூன்று மணிக்கு உள்நாட்டின் மேல் இடியிடிக்கும் நாள். எங்கள் திரும்பும் பயணத்துக்கு நிறுவனம் தந்த நேரம் அப்படியான ஒரு நாளின் பிற்பகல் இரண்டே முக்கால்.

இரத்மலானையில் வெயில் இருந்தது. கிழக்கே மலைப் பக்கம் மட்டும் வெள்ளை மேகம் கோபுரம் கோபுரமாக எழுந்து நின்றது. வேறொரு கப்டன், நடுவயதுக்காரர், நிதானமானவர். அவர் முகாமையாளருடன் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிவிட்டு, போய்ப் பார்க்கலாம், சரிவராவிட்டால் திரும்பிவிடலாம் என்று எங்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அருகில் இருந்த ஒரு தம்பதி, இன்று போகாவிட்டால் கட்டிய பணம் திரும்பி வராது என்று நிபந்தனையில் இருப்பதை அவருக்கு நினைவூட்டியதை நான் என் காதால் கேட்டேன். உண்மையைச் சொல்வதானால், நானும் அதையேதான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

குருநாகல் வரை பயணம் இனிமையாக இருந்தது. தம்புள்ளையை நெருங்கும்போது மேகத்தின் அடிப்பகுதி கறுத்துத் தாழ்ந்தது, விமானமும் அதற்குக் கீழே இருப்பதற்காகத் தாழ்ந்தது. மேகம் இன்னும் தாழ்ந்தது, நாங்களும் தாழ்ந்தோம். சிகிரியாக் குன்று யன்னலில் வந்தபோது, அதன் உச்சியில் இருந்த செங்கற் சுவர்களை எண்ணிவிடலாம் போலிருந்தது. படத்தில் பார்ப்பதற்கு அழகான கோணம் அது. ஆனால் மேகத்தின் அடிக்கும் நிலத்தின் மேட்டுக்கும் இடையில் மிஞ்சியிருக்கும் அந்த ஒடுக்கமான வெளியில், முன்னால் ஒரு மழைத்திரையும் வலப்பக்கம் மாத்தளை மலைகளும் இருக்கும்போது, திரும்புவதற்கு வேண்டிய இடம் ஒவ்வொரு நிமிடமும் குறைந்துகொண்டே போகிறது. சிறு விமான விபத்துகளைப் படித்தவர்களுக்குத் தெரிந்த ஒழுங்கு இது: ஒரேயடியாக ஆபத்துக்குள் யாரும் பாய்வதில்லை, நூறு அடி நூறு அடியாக இறங்கித்தான் போகிறார்கள்.

பிறகு யன்னல் வெள்ளையாகிவிட்டது. நாங்கள் மேகத்துக்குள் இருந்தோம். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அம்மாவின் தண்ணீர்ப் போத்தல் முன்னிருக்கையின் முதுகுப் பையில் செருகியிருந்தது. அதில் பாதி தண்ணீர். வெளியே பார்க்க ஒன்றுமில்லாததால் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் மட்டம் போத்தலின் அடிக்குச் சமாந்தரமாக, அசையாமல் இருந்தது. என் உடம்பும் அதையே சொன்னது: நேராகப் போகிறோம், எந்தப் பக்கமும் சரியவில்லை. ஒரு நிமிடமும் ஐம்பது செக்கனும் கழிந்தபோது மேகம் கிழிந்தது. வலப்பக்க யன்னல் முழுவதும் மின்னேரியாக் குளம், சுவரில் மாட்டிய படம்போல நிமிர்ந்து நின்றது. விமானம் நன்றாகச் சரிந்து வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. போத்தலில் தண்ணீர் அப்போதும் மட்டமாகவே இருந்தது.

என் வாழ்க்கையில் நான் பார்த்த மிகப் பயங்கரமான தண்ணீர் அதுதான். விமானம் ஒழுங்காகச் சரிந்து திரும்பும்போது, எங்களை இருக்கையோடு அழுத்தும் விசை நேராகத் தரையை நோக்கியே இருப்பதுபோலத் தோன்றும். போத்தலும் ஏமாறும், ஆளும் ஏமாறுவார். காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் திருப்பத்தின் தொடக்கத்தை உணர்த்தும், ஆனால் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் இருபது செக்கன் அளவில் அது குழாயுடன் சேர்ந்து ஓடத் தொடங்கி, திரும்பவில்லை என்று மூளைக்குச் சொல்லிவிடும். அதன்பின் விமானி விமானத்தை நிமிர்த்தினால், எதிர்ப்பக்கம் சரிவதாக அவருக்குத் தோன்றும். அவர் தன் உடம்பை நம்பிப் பழைய சரிவுக்கே திரும்பக் கொண்டுபோவார். மூக்குத் தாழும், வேகம் கூடும், அவர் கட்டுப்பாட்டுத் தண்டை இழுப்பார், இழுக்க இழுக்கச் சுருள் இறுகும்.

1954இல் அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்துச் செலுத்தப் பயிற்சியில்லாத 20 பேரை, வெளியே ஒன்றும் தெரியாத நிலையை உண்டாக்கிச் செலுத்தவிட்டுப் பார்த்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். மிகக் குறைந்தது 20 செக்கன், கூடியது 480 செக்கன், சராசரி 178 செக்கன். மூன்று நிமிடத்துக்கு இரண்டு செக்கன் குறைவு. 1999 ஜூலையில் ஜோன் எஃப். கென்னடியின் மகன் தன் பைப்பர் விமானத்தை இரவில், புகார் படிந்த கடலின் மேல் செலுத்தி, மனைவியுடனும் மனைவியின் சகோதரியுடனும் இறந்தது இதே திசை மயக்கத்தினால் என்று விசாரணை முடிவு கூறியது. கருவிப் பறப்புக்கான தகுதி அவருக்கு இருக்கவில்லை.

தகுதி இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதற்கு 2020 ஜனவரி 26ஆம் திகதி கலிபோர்னியாவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். கூடைப்பந்தாட்ட வீரர் கோபி பிரையன்ற் உட்பட ஒன்பது பேர் இறந்த அந்த ஹெலிகொப்டரின் விமானி, பல்லாயிரம் மணித்தியாலம் பறந்தவர், கருவிப் பறப்புத் தகுதியும் உடையவர். வெளியே பார்த்துச் செலுத்தும் விதியில் புறப்பட்டு மேகத்துக்குள் புகுந்தார். மேலே ஏறிக்கொண்டிருப்பதாக அவர் கட்டுப்பாட்டாளருக்குச் சொன்ன நேரத்தில் ஹெலிகொப்டர் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளரோ நிறுவனமோ அவரை நெருக்கியதற்குச் சான்றில்லை என்று விசாரணையாளர்கள் எழுதினார்கள். அவர் தனக்குத் தானே ஏற்படுத்திக்கொண்ட நெருக்குதலும், தொடங்கியதை முடித்துவிட வேண்டும் என்ற மனச்சாய்வும் காரணங்களில் சேர்க்கப்பட்டன. யாரும் வாய் திறக்காதபோதே ஒரு விமானிக்கு அவ்வளவு நெருக்குதல் இருக்குமானால், பணம் திரும்பி வராதே என்று பின்னாலிருந்து மூன்று பேர் சொல்லும்போது எவ்வளவு இருக்கும்?

எங்கள் கப்டனுக்கு நியாயம் செய்ய வேண்டும். சீனக்குடாவில் இறங்கிய பிறகு நான் அவரிடம் போய், அந்தத் திருப்பம் நினைத்துச் செய்ததா என்று நேரடியாகவே கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. முன்னால் ராடாரில் பலத்த மழையைக் காட்டும் சிவப்புத் தெரிந்ததாகவும், கட்டுப்பாட்டாளரிடம் அனுமதி பெற்றுக் கருவிப் பறப்புக்கு மாறி, ஏறிக்கொண்டே வேண்டுமென்றே வலப்பக்கம் திரும்பியதாகவும் சொன்னார். நான் நம்புகிறேன், விமானத்தின் வலது இறக்கையின் முன்பக்கத்தில் ராடார் உருளை துருத்தி நிற்பதை ஏறும்போதே பார்த்திருந்தேன். எரிபொருள் இரத்மலானைக்குத் திரும்பிப் போகவும் போதும் என்றார். ஆகவே அந்த 110 செக்கனில் எங்கள் உயிர் ஒரு பயிற்சிபெற்ற மனிதரின் கையில் இருந்தது, அதற்கு நன்றி. ஆனால் அதற்கு முந்திய கால் மணித்தியாலம், சிகிரியாவைத் தொடுவதுபோல மேகத்தின் அடியில் தாழ்ந்து தாழ்ந்து போனதற்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. "பின்னேரப் பறப்பு எண்டால் அப்பிடித்தான் ஐயா" என்று, இம்முறை தமிழில், சொல்லிவிட்டுத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே என் முறைப்பாடு விமானியைப் பற்றியதோ விமானத்தைப் பற்றியதோ அல்ல. பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் ஒரு வரியைப் பற்றியது. காலநிலை காரணமாகப் பயணம் இரத்தானால் பணம் திருப்பித் தரப்படாது, மூன்று மாதத்துக்குள் வேறு நாள் மட்டும் தரப்படும் என்கிறது அது. வைத்தியரின் நாளைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு வேறு நாளால் என்ன பயன்? அந்த ஒரு வரி, விமானத்தில் ஏறும் ஒவ்வொருவரையும் கப்டனை நெருக்குபவராக மாற்றிவிடுகிறது. கோணேசர் மலை தெரியட்டும் என்று சொன்ன அந்தப் பையனின் வாக்கை, அலுவலகத்தில் யாரோ எழுதிய இந்த வரி ஒவ்வொரு நாளும் தின்றுகொண்டிருக்கிறது. இதை நான் நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்பினேன். இரத்தானால் முழுப்பணமும், அன்றே போகவேண்டியவருக்கு ஒரு வாகனமும் என்று நிபந்தனையை மாற்றும்படி கேட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் பறப்பைக் காலைக்கு மாற்றுவது குறித்து யோசிப்பதாகப் பதில் வந்தது. பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பதிவு செய்ய நினைப்பவர்கள் காலை முதல் பறப்பையே கேட்டு வாங்குங்கள். விமானிக்குக் கருவிப் பறப்புத் தகுதி உண்டா, போகுமிடம் மூடியிருந்தால் எங்கே இறங்குவீர்கள் என்ற இரண்டு கேள்விக்கும் தயக்கமின்றிப் பதில் வரவேண்டும். நிறுவனத்துக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் செயற்பாட்டாளர் சான்றிதழ் இருக்க வேண்டும்; எங்கள் நிறுவனத்துக்கு இருந்தது. தெரிந்தவர் ஒருவர் தன் சொந்த விமானத்தில் செலவைப் பகிர்ந்து கூட்டிப்போகிறேன் என்றால், தனியார் விமானி உரிமம் மட்டும் உள்ளவர் கட்டணத்துக்கு ஆளேற்ற முடியாது என்பதை நினைவில் வையுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் எங்கள் பக்கத்து வானம் தெளிவாக இருந்தாலும், இறங்கும்போது குறுக்குக் காற்று இருக்கும். கேரவன் மணிக்கு 20 கடல் மைல் வேகக் குறுக்குக் காற்று வரை இறங்கிக் காட்டிய விமானம், அதற்கு மேல் வீசினால் காத்திருக்கச் சொல்வதில் தவறில்லை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். பணியாளர்களுக்கும் காலைக் கப்டனுக்கும் மட்டுமென்றால் ஐந்தும் தந்திருப்பேன்.

அம்மாவை மறுபடி காட்ட வேண்டியது தை மாதம். காலைப் பறப்பில் மூன்று இருக்கை பதிவு செய்திருக்கிறேன், வேறு வழியில்லை. அதே நாளுக்கு, அதே நேரத்துக்கு, எங்கள் ஒழுங்கையில் வாகனம் ஓட்டும் தம்பியிடமும் சொல்லி, அம்மா காலை நீட்டிப் படுக்கக்கூடியதாகப் பின்னிருக்கையை மாற்றித் தரும்படி கேட்டு, முற்பணமும் கொடுத்துவிட்டேன். "விமானம் பறந்தால் காசைத் திருப்பித் தாறன் அண்ணை" என்றார் அவர். வேண்டாம், அன்று சீனக்குடா வாசலுக்கு வெளியே வண்டியோடு நின்றால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.